கணக்கைக் காட்டுவோம், பெயரைக் காக்க: பிளொக்செயினில் பதிவுகளின் நேர்மையைச் சரிபார்க்கும் முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு சனசமூக நிலையத்தின் கல்வி உதவி நிதிக்குச் சில ஆண்டுகள் நான் கணக்கு எழுதினேன். ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் ஊரவர்கள் மாதாமாதம் பணம் அனுப்புவார்கள். தகப்பனை இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு அது போகும். அனுப்பியவர்கள் கணக்குக் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. நாங்கள் பயனாளிகளின் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொகை எல்லாம் அடங்கிய பட்டியலைப் படம் பிடித்து முகநூலில் போட்டோம். மறுநாள் காலை ஒரு தாய் என் வீட்டுப் படலையில் வந்து நின்றார். "தம்பி, அடுத்த மாதத்திலிருந்து காசு வேண்டாம். மகளுடைய பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள்" என்றார்.

அந்தக் காலையிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. கணக்குப் புத்தகத்தில் யாரும் கைவைக்கவில்லை என்று உலகத்துக்குக் காட்ட வேண்டும். ஆனால் அதிலுள்ள ஒரு பெயர்கூட வெளியே போகக்கூடாது. இரண்டும் ஒன்றாக முடியுமா? முடியும். அதற்கான வேலையை ஒவ்வொரு படியாகக் கீழே எழுதுகிறேன். கல்வி நிதி, கோயில் திருப்பணி, சீட்டு, மரணச் சகாய நிதி, காணி உறுதிகளின் பிரதிகள் என எதற்கும் இந்த முறை பொருந்தும். எக்செல் தெரிந்த ஒருவரும், சிறு நிரல் எழுதத் தெரிந்த ஒரு பிள்ளையும் ஊரில் இருந்தால் போதும்.

முதலில் இரண்டு சொற்கள்

ஹாஷ் என்பது ஒரு கோப்பின் கைவிரல் அடையாளம். ஷா-256 என்ற கணிப்பு முறையில் எந்தக் கோப்பைக் கொடுத்தாலும், ஒரு வரியாக இருந்தாலும் ஓராயிரம் பக்கமாக இருந்தாலும், 64 எழுத்துகள் கொண்ட ஒரு தொடர் வரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்தத் தொடர் அடையாளம் தெரியாதபடி மாறிவிடும். தொடரிலிருந்து பின்னோக்கிக் கணித்துக் கோப்பை எடுக்க முடியாது. ஒரே ஹாஷ் தரும் இரண்டு வெவ்வேறு கோப்புகளை இதுவரை யாரும் காட்டவில்லை.

பிளொக்செயின் என்பது உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் பிரதிகளாக இருக்கும் ஒரு கொப்பி. அதன் ஒவ்வொரு பக்கமும் முந்தைய பக்கத்தின் ஹாஷைத் தன்னுள் வைத்திருக்கிறது. பழைய பக்கம் ஒன்றைத் திருத்தினால் அதற்குப் பின்னுள்ள பக்கங்கள் எல்லாம் பொருந்தாமல் போகும். 2009 ஜனவரி 3 அன்று தொடங்கிய, பிட்கொயின் என்ற மின்நாணயத்தின் சங்கிலி இவ்வகையில் மிக நீண்ட காலம் நிலைத்திருப்பது. நாம் பிட்கொயின் வாங்கப் போவதில்லை, விற்கப் போவதுமில்லை. அந்தக் கொப்பியின் ஓரத்தில் ஒரு சிறு அடையாளம் இடுவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்தப் போகிறோம்.

முதலாம் படி: சங்கிலியில் எதை எழுதக்கூடாது என்று முடிவெடுங்கள்

பெயர், முகவரி, இலக்கம், தொகை, படம் எதுவும் சங்கிலிக்குப் போகக்கூடாது. பூட்டிட்டுக் குறியாக்கிய வடிவில் போடலாமே என்று சிலர் சொல்வார்கள். கூடாது. சங்கிலியிலிருந்து எதையும் அழிக்க முடியாது, ஆனால் சாவி ஒரு நாள் தொலையும் அல்லது களவு போகும். இன்று பத்து வயதுப் பிள்ளையாக உதவி பெற்றவர் நாற்பது வயதில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் அந்தப் பூட்டிய பெட்டி பொதுவெளியில் கிடக்கும். ஆகவே மாதத்துக்கு ஒரே ஒரு 64 எழுத்துத் தொடர் மட்டும் வெளியே போகட்டும். மற்ற எல்லாம் ஊரிலேயே இருக்கட்டும்.

இரண்டாம் படி: தமிழ் வரிகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்

மற்ற மொழிகளில் எழுதப்படும் வழிகாட்டிகள் இந்தப் படியை இரண்டு வரியில் கடந்துவிடும். நமக்கு அது சரிவராது. எங்கள் முதல் முயற்சி தோற்றது இங்கேதான்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் தமிழ்ச் சொல் கணினிக்கு இரண்டாக இருக்கலாம். 'கொ' என்ற எழுத்தில் ககரத்தைச் சூழ்ந்து வரும் கொம்பையும் அரவையும் யூனிகோட் என்ற உலகப் பொது எழுத்துக் குறிமுறையில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, ஹாஷ் முற்றிலும் வேறாக வரும். இதற்கு மருந்து உண்டு: யூனிகோடின் என்.எஃப்.சி என்ற சீர்மை வடிவம். பைத்தன் போன்ற நிரல்மொழிகளில் ஒரே கட்டளையால் எல்லா வரிகளையும் அந்த வடிவத்துக்கு மாற்றிவிடலாம். ஹாஷ் எடுப்பதற்கு முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

இந்த மருந்துக்கும் தீராத சிக்கல்கள் இரண்டு உள்ளன. ஸ்ரீதரன், ஸ்ரீரஞ்சனி என்று நம் ஊரில் எத்தனை பேர்! அந்த 'ஸ்ரீ'யை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம். 2005இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவில் தெரியும். என்.எஃப்.சி இவற்றை ஒன்றாக்காது. அதேபோல் ஔகாரக் குறியின் பின்பகுதிக்குப் பதிலாக ளகரத்தைத் தட்டிவிடுபவர்கள் பலர்; 'கௌரி' அப்போது வேறு சொல்லாகிவிடும். இவற்றுக்கு நீங்களே ஒரு விதி வகுத்து, தாளில் எழுதி, கணக்குக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

பழைய கணக்குகள் பாமினி எழுத்துருவில் இருந்தால் அவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். பாமினிக் கோப்பின் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு இல்லாத கணினியில் எவருக்கும் அவை புரியா. மாற்றிய பிறகு ஒருவர் வாசிக்க, இன்னொருவர் மூலத்துடன் ஒப்பிட வேண்டும். மாற்றிகள் பிழைவிடும்.

திகதியை ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் 2025-03-07 என்று எழுதுங்கள். தொகையில் காற்புள்ளி வேண்டாம். வரி முடிவில் வெற்றிடம் விடாதீர்கள். புலங்களுக்கு, அதாவது பெயர், திகதி, தொகை போன்ற பகுதிகளுக்கு, இடையே நேர்கோட்டுக் குறி (|) ஒன்றைப் போடுங்கள். அது இல்லாவிட்டால் '12', '345' என்ற இரண்டு புலங்களும் '123', '45' என்ற இரண்டு புலங்களும் ஒட்டிக்கொண்டு ஒரே தொடராகிவிடும்.

பற்றுச்சீட்டு, உறுதி போன்றவற்றின் படங்களை ஹாஷ் செய்வதானால் ஓர் எச்சரிக்கை. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு வேறு கோப்பாகிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால்தான் அதே கோப்பு மறுமுனைக்குச் சேரும். லண்டனில் இருந்து ஒருவர் "ஹாஷ் பொருந்தவில்லை, கணக்கில் கை வைத்துவிட்டீர்கள்" என்று எங்களுடன் சண்டை பிடித்தது இதனால்தான்.

மூன்றாம் படி: ஒவ்வொரு வரிக்கும் ஓர் இரகசியத் தற்செயல் எண்

ஹாஷைப் பின்னோக்கிக் கணிக்க முடியாது என்றேன். ஆனால் ஊகிக்க முடியும். பலர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

இலங்கையில் நம் பழைய அடையாள அட்டை இலக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று இலக்கம் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். பிறகு மூன்று இலக்கத் தொடரெண்ணும் ஒரு சரிபார்ப்பு இலக்கமும். நூறு ஆண்டுகள், ஆண் பெண் இருபாலுக்கும் சேர்த்து 732 நாள்கள், ஆயிரம் தொடரெண்கள், பத்துச் சரிபார்ப்பு இலக்கங்கள் என்று பெருக்கினால் 73 கோடியே 20 இலட்சம். ஒரு சாதாரண மடிக்கணினி நொடிக்குப் பல இலட்சம் ஷா-256 ஹாஷ்களைக் கணிக்கும். எல்லா இலக்கங்களையும் ஒவ்வொன்றாக ஹாஷ் செய்து ஒப்பிட்டுப் பார்க்க நிமிடக் கணக்கு போதும். பள்ளிப் பிள்ளையின் தாய் என்று தெரிந்தால் ஆண்டுகளும் குறைந்துவிடும். 2016இல் வந்த 12 இலக்க அட்டையும் இந்த விஷயத்தில் பெரிய பாதுகாப்பு அல்ல. அடையாள அட்டை இலக்கத்தை ஹாஷ் செய்துவிட்டோம், இனி அது இரகசியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆகவே ஒவ்வொரு வரிக்கும் முன்னால் 32 பைட் நீளமான தற்செயல் எண் ஒன்றைச் சேர்த்து, இரண்டையும் சேர்த்து ஹாஷ் எடுங்கள். அந்த எண்ணைக் கணினிதான் உருவாக்க வேண்டும். பைத்தனின் சீக்ரெட்ஸ் தொகுதியோ ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியோ அதைச் செய்யும். பிறந்த நாள், தொலைபேசி இலக்கம், மனதில் தோன்றிய எண் எதுவும் ஆகாது. ஒரு வரிக்குப் பயன்படுத்தியதை இன்னொரு வரிக்குப் பயன்படுத்தாதீர்கள். இப்போது பெயரும் இலக்கமும் தெரிந்தவரால்கூட, அந்த எண் கையில் இல்லாமல், ஹாஷை ஊகித்துப் பார்க்க முடியாது.

ஹாஷ் எடுக்க எந்த இணையத்தளத்திலும் கோப்பை ஏற்றாதீர்கள். விண்டோஸில் பவர்ஷெல், லினக்ஸில் முனையம், பைத்தனில் ஹாஷ்லிப் என்று எல்லாக் கணினியிலும் அதற்கான கருவி ஏற்கெனவே இருக்கிறது. இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டே இந்த வேலையைச் செய்யலாம்.

நான்காம் படி: வரிகளை மரமாகக் கட்டுங்கள்

குறியாக்க ஆய்வாளர் ரால்ஃப் மெர்க்கல் 1979இல் முன்வைத்த முறை இது. எட்டு வரிகள் இருந்தால் எட்டு இலை ஹாஷ்கள். அடுத்தடுத்த இரண்டு இலைகளை ஒட்டி மீண்டும் ஹாஷ் எடுத்தால் நான்கு. நான்கு இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். அந்த ஒன்றைத் தலை ஹாஷ் என்று சொல்வோம். எந்த வரியில் எந்த எழுத்து மாறினாலும் தலை மாறும்.

மரத்தின் அழகு இதுதான்: எட்டு வரிகளில் என் வரியும் இருக்கிறது என்று காட்ட மற்ற ஏழு வரிகளையும் காட்ட வேண்டியதில்லை. மூன்று ஹாஷ்கள் போதும். 200 வரிகள் இருந்தால் எட்டு, ஆயிரம் வரிகள் இருந்தால் பத்து.

மூன்று நுணுக்கங்களை மறவாதீர்கள். இலையை ஹாஷ் செய்யும்போது முன்னால் ஒரு 0 பைட்டும், கிளைகளை ஹாஷ் செய்யும்போது ஒரு 1 பைட்டும் சேருங்கள். இல்லாவிட்டால் கிளை ஒன்றை இலை என்று காட்டி ஏமாற்ற வழி பிறக்கும். ஒற்றைப்படையில் ஓர் இலை தனித்து நின்றால் அதை இரட்டிப்பாக்காமல் அப்படியே மேல் தட்டுக்கு அனுப்புங்கள். பிட்கொயின் இரட்டிப்பாக்கும் முறையைக் கொண்டிருந்ததால், வெவ்வேறு பட்டியல்களுக்கு ஒரே தலை வரக்கூடிய குறைபாடு ஒன்று 2012இல் வெளிப்பட்டது. மூன்றாவது, வரிகளைப் பெயர் அகரவரிசையில் அடுக்காதீர்கள். ஒருவர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறார் என்பதே பெயரின் முதலெழுத்தைக் காட்டிக்கொடுக்கும். சீட்டுக் குலுக்குவதுபோல் கலைத்துவிடுங்கள்.

இந்த மாத மரத்தின் முதல் இலையாக முந்தைய மாதத்தின் தலை ஹாஷை வைத்துவிட்டால் மாதங்கள் தாமாகவே சங்கிலியாகும்.

ஐந்தாம் படி: தலை ஹாஷுக்குக் காலமுத்திரை

காலமுத்திரை என்பது இந்த ஹாஷ் இந்த நாளிலேயே இருந்தது என்பதற்கான சான்று. அதற்குப் பீட்டர் டொட் 2016இல் வெளியிட்ட ஓப்பன்டைம்ஸ்டாம்ப்ஸ் என்ற இலவசக் கருவியைப் பயன்படுத்துங்கள். தலை ஹாஷ் எழுதிய சிறு கோப்பைக் கொடுத்தால், அது அதன் ஹாஷுடன் தானும் ஒரு தற்செயல் எண்ணைச் சேர்த்து நாட்காட்டிச் சேவையகங்களுக்கு அனுப்பும். அவை உலகெங்கிலுமிருந்து வருபவற்றை ஒரே மரமாகக் கட்டி, அதன் தலையைப் பிட்கொயின் பரிவர்த்தனை ஒன்றில் பதிக்கும். நமக்குச் செலவில்லை. உங்கள் கையில் ஓ.டி.எஸ் கோப்பு ஒன்று மிஞ்சும். சில மணி நேரம் கழித்து 'அப்கிரேட்' கட்டளையை இயக்கினால் முழுச் சான்றும் அந்தக் கோப்புக்குள் வந்து சேரும். இதைச் செய்ய மறந்தால் சான்று அரைகுறையாக, அந்தச் சேவையகங்களை நம்பியே இருக்கும்.

பிட்கொயின் தொகுதியின், அதாவது அந்தக் கொப்பியின் ஒரு பக்கத்தின், நேரக் குறிப்பு இரண்டு மணி நேரம் வரை முன்பின்னாக இருக்கலாம். ஆகவே 'இந்த நாளுக்கு முன் இந்தக் கணக்கு இருந்தது' என்ற அளவில் மட்டும் பேசுங்கள்.

ஆறாம் படி: ஒரே தலை, எல்லாரும் காண

காலமுத்திரை ஒன்றைச் சொல்லாது: பொருளாளரிடம் ஒரே கணக்குத்தான் இருக்கிறதா என்பதை. கெட்ட எண்ணம் உள்ளவர் ஒரே நாளில் இரண்டு கணக்குகளுக்கு முத்திரை வாங்கி, ஒன்றை ரொறொன்ரோவுக்கும் மற்றதைக் கணக்காய்வாளருக்கும் காட்டலாம். இரண்டு முத்திரைகளும் சரியென்றே வரும். பிளொக்செயினில் போட்டாகிவிட்டது, இனிக் கள்ளம் இல்லை என்று பேசுபவர்கள் இந்த ஓட்டையைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இதற்கு மருந்து பழையது, எளியது. மாதத்தின் தலை ஹாஷையும் வரிகளின் எண்ணிக்கையையும் வாசிகசாலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அதையே புலம்பெயர்ந்தோர் குழுவிலும் இடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு சிறு விளம்பரமாகவும் போடலாம். ஸ்டூவர்ட் ஹேபரும் ஸ்கொட் ஸ்டோர்னெட்டாவும் 1991இல் மின்னாவணக் காலமுத்திரை பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். அந்த வழியில் தொடங்கிய நிறுவனம் 1995 முதல் நியூயோர்க் டைம்ஸின் சிறு விளம்பரப் பகுதியில் வாரந்தோறும் ஹாஷ் அச்சிட்டது. பிட்கொயின் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, பலர் கையில் இருக்கும் கடதாசிதான் சங்கிலியாக இருந்தது. நம் பலகையும் அந்த வேலையைச் செய்யும்.

ஏழாம் படி: பயனாளியின் கையில் சீட்டு

ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு அச்சிடுங்கள். அதில் அவருடைய வரி, அதற்குரிய தற்செயல் எண், மரத்தில் மேலே போகும் வழியிலுள்ள சில ஹாஷ்கள். எல்லாவற்றையும் ஒரு கியூஆர் குறியில் அடக்கிவிடலாம். கைத்தொலைபேசி அதை வாசித்து, இலையிலிருந்து தலைவரை கணித்து, வாசிகசாலைப் பலகையில் உள்ள தொடருடன் ஒப்பிடும். பொருந்தினால் அவருடைய வரி அவர் வாங்கிய தொகையுடன் கணக்கில் இருக்கிறது. 7500 ரூபாய் வாங்கியவரின் சீட்டில் 10000 என்று இருந்தால், கேள்வி கேட்க அவர் கையிலேயே சான்று இருக்கிறது.

சீட்டை உறையில் இட்டு நேரில் கொடுங்கள். அது பிறர் கையில் போனால் இவர் உதவி பெற்றவர் என்பதற்கு மறுக்க முடியாத சாட்சியாகிவிடும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். வாங்கப் பயப்படுபவரை வற்புறுத்த வேண்டாம். சீட்டு வாங்காவிட்டாலும் உதவி நிற்காது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

எட்டாம் படி: கொடுத்தவர்கள் எப்படிச் சரிபார்ப்பார்கள்?

ஓ.டி.எஸ் கோப்பையும் தலை ஹாஷ் கோப்பையும் அவர்களுக்கு அனுப்புங்கள். கருவி ஒரு பிட்கொயின் தொகுதியின் எண்ணையும், அந்தத் தொகுதியில் இருக்க வேண்டிய மெர்க்கல் தலையையும் (அதன் மரத்தின் தலை ஹாஷை) காட்டும். முழுமையாகச் சரிபார்க்கச் சொந்தமாக ஒரு பிட்கொயின் கணு, அதாவது முழுக் கொப்பியையும் சரிபார்க்கும் கணினி, வேண்டும். அதற்கு 600 ஜிபிக்கு மேல் தரவிறக்க வேண்டும். ஊர் நிதிக்கு அது தேவையில்லை. வெவ்வேறு ஆட்கள் நடத்தும் இரண்டு தொகுதி உலாவித் தளங்களில் (தொகுதிகளைத் தேடிப் பார்க்க உதவும் இணையத்தளங்களில்) அந்த எண்ணைத் தேடி, மெர்க்கல் தலை ஒத்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

அத்துடன், இரு தரப்பும் ஏற்ற ஒரு கணக்காய்வாளர் வேண்டும். ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் நம் ஊர்களில் எப்போதும் கிடைப்பார். எந்த வரிகளைப் பார்ப்பது என்பதைப் பொருளாளரோ அவரோ தெரிவு செய்யக்கூடாது. தலை வெளியான பின், முன்கூட்டியே சொல்லிவைத்த ஒரு பிட்கொயின் தொகுதியின் ஹாஷை எடுத்து அதிலிருந்து வரி எண்களைக் கணியுங்கள். அந்தத் தொகுதியின் ஹாஷ் எப்படி அமையும் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. தெரிவான வரிகளின் வீடுகளுக்குக் கணக்காய்வாளர் போய், பேசி, உறுதிசெய்வார்.

எத்தனை வரிகள் பார்க்க வேண்டும்? நூறு வரிகளில் ஐந்து பொய் என்று வைத்துக்கொள்வோம். இருபதைப் பார்த்தால் ஐந்தும் தப்பிவிடுவதற்கு 32 சதவீத வாய்ப்பு இருக்கிறது. நாற்பத்தைந்தைப் பார்த்தால் அது 5 சதவீதத்துக்குக் கீழே போகும். நாற்பது பிள்ளைகள்தான் என்றால் கணக்குப் போடாமல் நாற்பது வீட்டுக்கும் போய்விடுங்கள்.

தனித்தனித் தொகைகளைக் காட்டாமல் மொத்தத்தை மட்டும் நிரூபிக்கவும் வழி உண்டு. குறியாக்க ஆய்வாளர் பெடர்சன் 1991இல் தந்த முறையில் மூடிய தொகைகளை மூடியபடியே கூட்டலாம்; மொத்தத்தை மட்டும் திறந்து வங்கிக் கூற்றுடன் ஒப்பிடலாம். ஆனால் எதிர்மறைத் தொகை ஒன்றை உள்ளே ஒளித்து மொத்தத்தைச் சரிக்கட்ட முடியும் என்பதால், ஒவ்வொரு தொகையும் குறித்த எல்லைக்குள் இருக்கிறது என்ற தனிச் சான்றும் வேண்டும். இத்தகைய நிரல்களை நீங்களே எழுதப் புறப்படாதீர்கள். சிறு நிதிக்குக் கணக்காய்வாளரின் சைக்கிள் போதும் என்பது என் எண்ணம்.

ஒன்பதாம் படி: பிழை திருத்தலும் அழித்தலும்

முத்திரையிட்ட மாதத்தைத் திரும்பத் திறக்காதீர்கள். பிழை கண்டால் அடுத்த மாதத்தில் திருத்த வரி ஒன்றைச் சேர்த்து, காரணத்தையும் எழுதுங்கள்.

தன் பதிவை அழிக்கும்படி ஒருவர் கேட்டால் அழிக்க வேண்டும். இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் திருத்தம் கோரும் உரிமையும் அழிப்பைக் கோரும் உரிமையும் இடம்பெற்றிருக்கின்றன. சட்டம் இல்லாவிட்டாலும் படலையில் நின்ற அந்தத் தாய்க்கு நாம் அதைக் கடன்பட்டிருக்கிறோம். வரியையும் அதன் தற்செயல் எண்ணையும் எல்லாப் பிரதிகளிலிருந்தும் நீக்குங்கள். மரத்தில் எஞ்சும் ஹாஷ் எவரையும் சுட்டாது. மற்றவர்களின் சீட்டுகளும் தொடர்ந்து செல்லும். சங்கிலியில் பெயரை எழுதியிருந்தால் இது நடக்கவே நடக்காது.

பத்தாம் படி: பிரதிகள்

ஹாஷ் எதையும் பாதுகாக்காது. கோப்பு தொலைந்தால் 64 எழுத்துத் தொடரிலிருந்து ஒரு பெயரைக்கூட மீட்க முடியாது. 1995 ஒக்ரோபர் 30 அன்று போரால் வலிகாமத்தை விட்டு நடந்தவர்கள் எதைக் கையில் எடுத்தார்கள், எதை வீட்டில் விட்டார்கள் என்பது இங்கே எல்லாக் குடும்பத்துக்கும் தெரியும். பலர் காணி உறுதியை இழந்தார்கள். காணி தங்களுடையது என்று காட்ட ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள்.

ஆகவே வரிகளும் தற்செயல் எண்களும் அடங்கிய கோப்பைக் கடவுச்சொல்லிட்டுக் குறியாக்கி மூன்று இடங்களில் வையுங்கள். ஒன்று நிலையத்தின் கணினியில், ஒன்று தலைவர் வீட்டுப் பென்டிரைவில், ஒன்று யாழ்ப்பாணத்துக்கு வெளியே. கடவுச்சொல்லை இரண்டு பேர் தனித்தனியே உறையிலிட்டு வைத்திருக்கட்டும். தலை ஹாஷ்களையும் ஓ.டி.எஸ் கோப்புகளையும் மறைக்க வேண்டியதில்லை; எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள்.

ஒவ்வொரு தைப்பொங்கல் விடுமுறையிலும் ஒரு நாளை ஒதுக்கி, மூன்று பிரதிகளையும் திறந்து, பன்னிரண்டு மாதங்களின் மரங்களையும் புதிதாகக் கட்டி, பலகையில் ஒட்டிய தொடர்களுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். நிரல் எழுதிய பிள்ளை பல்கலைக்கழகம் போய்விட்டால் அந்த வேலையை இன்னொரு பிள்ளைக்கு அதே நாளில் பழக்கிவிடுங்கள்.